ஒரு வீட்டுக்கு ஒரு நாற்காலி

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் மூத்த தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் தங்கைகள் இருவரும் சுகம். என் மகள் சுகம். தண்ணீர்த் தொட்டியில் ஒரு விரிசல் இருப்பதைத் தவிர கட்டிடமும் சுகம். என் ஒருவனுடைய சுகம்தான் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, அதை விசாரிக்கவும் இங்கே ஆள் இல்லை. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நிம்மதியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த நிம்மதியைக் கொஞ்சம் கெடுக்கத்தான் இதை எழுதுகிறேன், மன்னிக்கவும்.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். போனில் பேசினால் உங்கள் தங்கை பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, துணி மடிக்கிற சாக்கில் முழுவதையும் கேட்டுவிடுகிறாள். தவிர, எனக்கு வேண்டியது எழுத்தில் வேண்டும். ஒரே ஒரு வரிதான். ‘எங்கள் தகப்பனாரும் அவருடன் சேர்ந்து இந்தக் கட்டிடத்தைக் கட்டிய மற்ற நிறுவனர்களும், ஒரு வீட்டுக்கு ஒரு நாற்காலி, ஒரு நாற்காலிக்கு ஒரு ஓட்டு என்றுதான் மனப்பூர்வமாக நினைத்தார்கள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குக் கிடைக்கும்படி அனுப்பிவிடுங்கள். ஏன், எதற்கு என்று கேட்காமல் அனுப்புகிற ஆளாக நீங்கள் இருந்தால் கடிதத்தை இங்கேயே முடித்திருப்பேன். நீங்கள் கேட்கிற ஆள். ஆகவே தொடர்கிறேன்.

நீங்கள் இங்கிருந்து போய் வெகுகாலம் ஆகிவிட்டதால் நம் கட்டிடத்தின் வழக்கம் மறந்திருக்கலாம். மாதத்துக்கொரு முறை கீழே வண்டி நிறுத்துமிடத்தில் கூட்டம் போடுவோம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு நாற்காலி இறங்கி வரும். ஒரு யோசனைக்குச் சம்மதம் என்றால் மாடிப்படிப் பக்கம் நாற்காலியைப் போட வேண்டும், சம்மதம் இல்லையென்றால் கேட் பக்கம். கடைசியில் செயலாளர் நாற்காலிகளை எண்ணுவார். ஆட்களை எண்ணுவதில்லை. நடுவில் ஒருவர் எழுந்துபோய் வீட்டில் படுத்துத் தூங்கினாலும் அவர் நாற்காலி இருந்த இடத்தில் இருக்கும், அவர் ஓட்டும் அப்படியே இருக்கும். மாமாவும் அவருடைய கூட்டாளிகளும் ஏற்படுத்திவிட்டுப் போன ஏற்பாடு இது. செயலாளர் என்ற முறையில் இத்தனை காலமாக நாற்காலிகளை எண்ணிவந்தவன் நான். தராசுக்கும் படிக்கற்களுக்கும் முத்திரை குத்துகிற ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் எண்ணினால் அதில் ஒரு நாற்காலி கூடாது, குறையாது என்று கட்டிடமே ஒத்துக்கொள்ளும். ஒத்துக்கொண்டிருந்தது, பல் டாக்டர் வாயைத் திறக்கும்வரை.

பல் டாக்டர் என்று நான் சொல்வது உங்கள் இளைய தங்கையின் கணவரை, அதாவது என் சகலையை. உறவைச் சொல்லி அழைக்க எனக்கு நாக்கு வரவில்லை, தொழிலைச் சொல்லியே குறிப்பிடுகிறேன். அவர் நல்லவர். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பிறகு நான் பொறாமையில் எழுதுகிறேன் என்று நீங்கள் நினைக்கக்கூடாது. நல்லவர்தான், அதுதான் என் தொல்லையே. கெட்டவராக இருந்தால் ஒரே நாளில் ஒரு கை பார்த்திருப்பேன். இந்தக் கட்டிடத்தில் அவரிடம் வாயைத் திறந்து காட்டாதவர்கள் யாருமில்லை. அவரைப் படியில் பார்த்தால் எல்லோரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். என்னைப் பார்த்தால் அதே வாய்கள் இறுக மூடிக்கொள்கின்றன. உங்கள் தங்கைக்கு ஒரு கடைவாய்ப் பல்லை அவர் சரிசெய்து கொடுத்தார், பணமும் வாங்கவில்லை. அன்றிலிருந்து அவர் சொல்கிற சாதாரணப் பேச்சுக்குக்கூட அவள் அந்தப் பல் தெரிகிற அளவுக்குச் சிரிக்கிறாள். நான் அவளைச் சிரிக்கவைத்து எத்தனை காலமாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். யோசனையை அதோடு விட்டுவிட்டேன்.

மாமாவின் நாற்காலி விஷயமும் உங்களுக்குத் தெரியும். நிறுவனர்கள் கூடிய முதல் கூட்டத்தில் மாமா கொண்டுவந்து போட்ட அதே மர நாற்காலி. மாமா போன பிறகு அது யாருக்குப் போயிருக்க வேண்டும்? மூத்த மாப்பிள்ளைக்கு. யாருக்குப் போயிற்று? உங்கள் சின்னத் தங்கை கேட்டாள், அவள் வீட்டுக்குப் போய்விட்டது. கேட்டிருந்தால் எனக்கும் கொடுத்திருப்பார்கள். மூத்த மாப்பிள்ளை போய் ஒரு நாற்காலியைக் கேட்டு நிற்பதா? இப்போது ஒவ்வொரு கூட்டத்துக்கும் பல் டாக்டர் அதைத் தலைமேல் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கி வருகிறார். வந்து உட்காரவும் மாட்டார். உங்கள் சின்னத் தங்கையை உட்காரவைத்துவிட்டு, படம் எடுக்க நிற்பதுபோல் பின்னால் நின்றுகொள்வார். எல்லாம் பார்க்கிறவர்களுக்காகத்தான்.

போன மாதம் கூட்டத்தில் இவர் எழுந்து, எழுந்து என்ன, ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார், ஒரு யோசனை சொன்னார். இனிமேல் நாற்காலிகளை எண்ணக்கூடாதாம், ஆட்களை எண்ண வேண்டுமாம். இங்கே குடியிருக்கிற, பதினெட்டு வயதான எல்லோருக்கும் ஆளுக்கொரு ஓட்டாம். சொந்தக்காரர், வாடகைக்காரர், புருஷன், பெண்டாட்டி, பிள்ளை எல்லோருக்கும். தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிற நர்ஸ் ராத்திரி வேலை முடிந்து காலையில் வரும்போது குழாயில் சொட்டுத் தண்ணீர் இருப்பதில்லை. நிறுவனர்கள் எல்லோரும் இருட்டோடு வேலைக்குப் போனவர்கள் என்பதால் மோட்டார் அந்த நேரத்துக்குத்தான் ஓடும், அத்தோடு நின்றுவிடும். மாற்றலாமே என்றால் நர்ஸுக்கு நாற்காலி இல்லை. அவர் வீட்டு நாற்காலி வீட்டுச் சொந்தக்காரருக்குச் சேர்ந்தது. அந்தச் சொந்தக்காரரோ விமானத்தில் வந்துபோகிற தூரத்தில் இருக்கிறார், அவருக்கு அங்கே தண்ணீர் வருகிறது. இதைச் சொல்லிவிட்டுப் பல் டாக்டர் மிகவும் பணிவாக என் பக்கம் திரும்பி, செயலாளர் அண்ணா என்ன நினைக்கிறார் என்று கேட்டார். அந்தப் பணிவைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் நினைத்தது இதுதான். இந்த ஆள் செயலாளர் பதவிக்குக் குறி வைக்கிறார். அடுத்த கூட்டத்தில் செயலாளர் தேர்தல் இருக்கிறது. நாற்காலிக் கணக்கில் எனக்குச் சொந்தக்காரர்களின் ஆதரவு உண்டு. ஆள் கணக்கு என்று வந்துவிட்டால் வாய் திறந்து காட்டிய எல்லோரும் அவருக்குத்தான் போடுவார்கள். நான் உடனே எழுந்து ஒரு உரை நிகழ்த்தினேன். ஒரு கட்டிடம் என்பது சின்ன தேசம். சுற்றுச்சுவர் அதன் எல்லை, வாட்ச்மேன் அதன் சேனை, பராமரிப்புப் பணம் அதன் கஜானா. தேசத்தை உண்டாக்கியவர்கள் என்ன நினைத்து உண்டாக்கினார்களோ அந்த நினைப்பின்படிதான் தேசம் நடக்க வேண்டும். ஒவ்வொரு தலைமுறையும் தனக்குத் தோன்றியபடி ஓட்டை அள்ளிக் கொடுத்தால், அஸ்திவாரத்தை வருஷத்துக்கொரு முறை தோண்டி வைத்துக் கட்டுவதுபோல் ஆகிவிடும். இப்படியெல்லாம் பேசினேன். நன்றாகவே பேசினேன். கை தட்டினவர் பல் டாக்டர் ஒருவர்தான்.

வீட்டுக்கு வந்தால் என் மகள். சட்டம் படிக்கிறாள், உங்களுக்குத் தெரியும். பழைய காலத்தில் பல தேசங்களை உண்டாக்கியவர்கள் நிலம் வைத்திருந்த ஆண்களுக்கு மட்டும் ஓட்டு என்று வைத்திருந்தார்கள், அவர்கள் நினைப்பின்படியே நடந்திருந்தால் நிலம் இல்லாத உங்களுக்கும் ஓட்டு கிடையாது, பெண்ணான எனக்கும் கிடையாது என்றாள். அதற்கு நான், நல்ல நினைப்பை வைத்துக்கொண்டு கெட்ட நினைப்பை விட்டுவிட வேண்டியதுதான் என்றேன். எது நல்லது, எது கெட்டது என்று யார் முடிவு பண்ணுவது என்று கேட்டாள். செயலாளர் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“நாட்டை யார் ஆளணும்னு என்னைக் கேக்கறாங்கப்பா. போன தடவை வரிசையில நின்னு ஓட்டுப் போட்டுட்டு வந்தேன். மோட்டாரை எத்தனை மணிக்குப் போடலாம்னு மட்டும் நீங்க கேக்க மாட்டேங்கறீங்க. சித்தப்பா கேக்கறாரு.”

மச்சான், அவள் சொன்ன முதல் மூன்று வாக்கியங்களுக்கு என்னிடம் பதில் இருந்தது. கடைசி வாக்கியம்தான் தைத்துவிட்டது. சித்தப்பா கேட்கிறாராம். இவளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவன் நான், பள்ளிக்கூட வாசலில் வெயிலில் காத்துநின்றவன் நான். அவர் செய்ததெல்லாம் இவள் பல்லுக்குக் கம்பி போட்டதுதான். எரிகிறது, மச்சான். மறைப்பானேன், வயிறு எரிகிறது.

சரி, நிறுவனர்களின் நினைப்பு என்ன என்பதை ஒரு நிறுவனரிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். இன்றைக்கு உயிரோடு இருக்கிற ஒரே நிறுவனர் இரண்டாம் மாடித் தையற்காரர்தான். பிஸ்கட் பொட்டலத்துடன் போனேன். நாற்காலி ஏற்பாடு எதற்காக என்று கேட்டேன். பொறுப்பான ஆட்கள் மட்டும் பேசினால் போதும், சும்மா வருகிறவன் போகிறவன் எல்லாம் வாயாடக்கூடாது என்றுதான் என்றார். எனக்குத் தேனாக இருந்தது. மறுநாளே பல் டாக்டர் போயிருக்கிறார், அவருடைய பல்செட்டைத் தேய்த்துச் சரியாக்கிக் கொடுத்திருக்கிறார். உடனே தையற்காரர், எல்லோரும் வர வேண்டும் என்றுதான் நினைத்தோம், அன்றைக்கு நாற்காலி பற்றவில்லை என்று சொல்லிவிட்டார். நர்ஸ் போய் இரத்த அழுத்தம் பார்த்துவிட்டுக் கேட்டதற்கு, நாங்கள் எதையுமே நினைக்கவில்லை, மழை வருகிற மாதிரி இருந்தது, சீக்கிரம் முடித்துவிட்டோம் என்றிருக்கிறார். நான் கோபத்தோடு மறுபடி போய், ஒரு நிறுவனர் இப்படி ஆளுக்கொரு நினைப்பைச் சொல்லலாமா என்று கேட்டேன். அவர் ஊசியில் நூல் கோத்தபடி, “நாங்க என்ன நினைச்சிருக்கணும்னு நீங்களே சொல்லிடுங்க தம்பி, அப்படியே நினைச்சுடறேன்” என்றார்.

இனி மனிதர்களை நம்பிப் பயனில்லை, பொருளை நம்புவோம் என்று என் தொழில் புத்தி சொல்லிற்று. எங்கள் துறையில் எந்தப் படிக்கல் மீது சந்தேகம் வந்தாலும் அலுவலகத்தில் பூட்டி வைத்திருக்கும் மூலக்கல்லோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். அதேபோல், நிறுவனர் காலத்து நாற்காலி எதுவோ அதுதான் மூல நாற்காலி. மற்ற நாற்காலிகள் அதற்கு ஒத்திருந்தால் செல்லும், இல்லாவிட்டால் செல்லாது. நர்ஸ் நாளைக்கு ஏதோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கிவந்து போட்டு நானும் ஒரு வீடு என்று சொல்ல முடியாதல்லவா? மூல நாற்காலி பல் டாக்டர் வீட்டில் இருக்கிறது. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நானே மூன்றாம் மாடி ஏற வேண்டியதாயிற்று. அவர் என்னை வரவேற்று, தேநீர் கொடுத்து, நாடாவின் மறுமுனையையும் அவரே பிடித்துக்கொண்டார். எதற்கு அளக்கிறேன் என்று கேட்கவில்லை. ஒரு கால் குட்டை, அடியில் அட்டை மடித்து வைத்திருக்கிறேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள் அண்ணா என்றார். நான் அவர் மேல் கோபப்படுவதற்கு அவர் ஒரு இடத்தில்கூட உதவி செய்யவில்லை.

வந்து சுற்றறிக்கை தயாரித்து மாடிப்படியில் ஒட்டினேன். மரத்தால் ஆனது, நான்கு கால் கொண்டது, சாய்மானம் உள்ளது, சக்கரம் இல்லாதது, இன்ன உயரம். இப்படிப்பட்ட நாற்காலி மட்டுமே நிறுவனர் மனத்தில் இருந்த நாற்காலி. சுண்ணாம்புக் கட்டியால் செயலாளர் முத்திரை போட்ட நாற்காலிக்கே ஓட்டு. கூட்டத்துக்கு முன்தினமே என் வீட்டு நாற்காலிக்கு முத்திரை போட்டு வாசலில் வைத்துவிட்டேன். அதை அளக்கவில்லை. சொந்தத் தராசைச் சோதித்துப் பார்க்கிற பழக்கம் எங்கள் துறையிலேயே கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டம். நான் சுண்ணாம்புக் கட்டியும் நாடாவுமாக மாடிப்படி அடியில் நின்றேன். முதலில் வந்தவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், பழைய காரிலிருந்து கழற்றிய இருக்கையைத் தூக்கிவந்தார். கால் இல்லை, செல்லாது. அடுத்து தரைத்தளத்து வாடகைக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு நீள பெஞ்சைக் கொண்டுவந்து, இதற்கு எத்தனை ஓட்டு என்று கேட்டார்கள். பெஞ்சுக்கு ஓட்டே இல்லை என்றால், இதில் நாற்காலியைவிட மரம் அதிகம் என்கிறார்கள். கணினி வேலைக்காரர் கொண்டுவந்த சுழல் நாற்காலிக்குச் சக்கரம், செல்லாது. ஒரு சொந்தக்காரர் சோபாவையே இறக்கிவந்து அது படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. அதற்கு மேலே இருந்தவர்கள் கீழே வர முடியாமல் கைப்பிடிச் சுவர் வழியாக நாற்காலிகளைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். அப்படி இறங்கியவற்றில் பாதி பிளாஸ்டிக். செல்லாது, செல்லாது என்று சொல்லிச் சொல்லி எனக்கே குரல் கட்டிவிட்டது. இந்தக் கட்டிடத்தில் மர நாற்காலி வைத்திருப்பவர்களே அருகிவிட்டார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த நேரம் பார்த்து ஓய்வுபெற்ற தபால்காரர் வந்தார். தரைத்தளத்தில் சொந்த வீடு, தவறாமல் பராமரிப்புப் பணம் கட்டுகிறவர், எனக்கு எப்போதும் ஓட்டுப் போடுகிறவர். இடுப்புக்குக் கீழே வலுவிழந்து இரண்டு வருஷமாகச் சக்கர நாற்காலிதான். அவர் மனைவி தள்ளிக்கொண்டு வந்து நாடாவுக்கு முன்னால் நிறுத்தினார். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். சுற்றறிக்கையில் சக்கரம் கூடாது என்று எழுதியிருக்கிறேன், கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஒருவருக்குத் தளர்த்தினால் சுழல் நாற்காலிக்காரர் விடுவாரா? செல்லாது என்று சொல்லிவிட்டேன். மெதுவாகத்தான் சொன்னேன். தபால்காரர் கோபப்படவில்லை. “அப்ப நான் உள்ள போயிடறேன் சார், நீங்க கூட்டத்தை நடத்துங்க” என்றார். மச்சான், என் உத்தியோகத்தில் எத்தனையோ கடைக்காரர்களின் படிக்கற்களைச் செல்லாது என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப்போல் ஒருநாளும் நாடாவைச் சுருட்டி விரித்துச் சுருட்டிக்கொண்டு நின்றதில்லை.

நானே மனம் மாறிச் சரியென்று சொல்லிவிடலாமா என்று வாயைத் திறக்கப்போனேன். சத்தியமாகத் திறக்கப்போனேன். அதற்குள் உங்கள் சின்னத் தங்கை மாமாவின் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். பல் டாக்டர் வந்து தபால்காரரை இரு கைகளிலும் அப்படியே தூக்கி அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். இது செல்லுமா அண்ணா என்று என்னைக் கேட்டார். கட்டிடமே கை தட்டியது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே நின்றவர்கள்கூட ஒரு கையை விட்டுத் தட்டினார்கள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கீழே விழுந்தது. உங்கள் மூத்த தங்கை கை தட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் தட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். நான் செய்திருக்க வேண்டியதை ஒரு நொடி முன்னால் அவர் செய்துவிட்டார். எப்போதும் அந்த ஒரு நொடிதான் வித்தியாசம். நாற்காலி தபால்காரர் வீட்டுக் கணக்கில் போய்விட்டதால் பல் டாக்டர் வீட்டுக்கு இப்போது நாற்காலி இல்லை. அதைப் பற்றி அவரும் கவலைப்படவில்லை, உங்கள் சின்னத் தங்கையும் கவலைப்படவில்லை.

கதை அங்கே முடிந்திருந்தால் பரவாயில்லை. என் மகள் என் கையிலிருந்த நாடாவை வாங்கி, அப்பா, நம்ம நாற்காலி என்று குனிந்தாள். முத்திரை இருக்கிறது, அளக்க வேண்டாம் என்றேன். அளந்தாள். கால் நான்கும் இரும்புக் குழாய். போன வருஷம் பழைய மர நாற்காலிகளைக் கொடுத்துவிட்டு உங்கள் தங்கை புதிய சாப்பாட்டு மேசை எடுத்தபோது இவையும் கூடவே வந்தன. நான் தினமும் மூன்று வேளை அதில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன், அது இரும்பு என்று எனக்குத் தெரியவில்லை. செயலாளர் வீட்டு நாற்காலி செல்லாது என்று அவள் அறிவித்தாள். அதற்கும் கை தட்டினார்கள், முன்னதைவிடக் கொஞ்சம் பலமாக.

கடைசியில் செல்லக்கூடிய நாற்காலிகள் மூன்றே மூன்று மிஞ்சின. பாதி வீடுகளாவது வந்தால்தான் கூட்டம் செல்லும் என்பதால் வருகிற ஞாயிறுக்குத் தள்ளிவைத்தோம். எல்லோரும் கலைகிறவரை நாற்காலி இல்லாத நாங்கள் இருவரும், பல் டாக்டரும் நானும், தூண் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். அந்தத் தூணடியில் சிமெண்டில் பதிந்த சின்னக் குழந்தைக் கால் தடம் ஒன்று இருக்குமே, நீங்கள் சிறுவயதில் மிதித்தது என்று எல்லோரும் சொல்வோமே, அதன் பக்கத்தில். நர்ஸும் எங்களோடுதான் நின்றார். அவர் எப்போதும் அங்கேதான் நிற்பார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். “நின்னுக்கிட்டுப் பாத்தா கூட்டம் வேற மாதிரி தெரியுது, இல்லண்ணா?” என்றார் பல் டாக்டர். தெரிந்தது, ஆனால் அவரிடம் போய் அதை ஒத்துக்கொள்வேனா?

ஆகவே மச்சான், என் மானம் இப்போது உங்கள் பேனாவில் இருக்கிறது. நிறுவனரின் ஒரே மகன் நீங்கள். முதல் கூட்டத்தின்போது நீங்கள் மாமாவின் பக்கத்திலேயே இருந்தீர்கள் என்பதற்குக் கால் தடமே சாட்சி. தையற்காரரின் பேச்சு எடுபடாது, உங்கள் எழுத்து எடுபடும். எந்த மரம், எந்தக் கால் என்பதையெல்லாம் விட்டுவிடுவோம், அதில் நான் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டேன். தபால்காரருக்கு நானே நேரில் போய்ச் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு நாற்காலி என்ற அடிப்படை மட்டும் நிற்க வேண்டும். நின்றால் நான் செயலாளராக இருப்பேன். இல்லாவிட்டால் பல் டாக்டர் செயலாளராகி, என் வீட்டுக் கதவில் அவர் கையெழுத்துப் போட்ட சுற்றறிக்கை ஒட்டப்படுவதை நான் பார்க்க வேண்டிவரும். அதில் எழுத்துப் பிழைகூட இருக்காது.

மூத்தவராகிய உங்களுக்கும் அக்காவுக்கும் எங்கள் வணக்கங்கள். பிள்ளைகள் படிப்பிலும் உடம்பிலும் ஒரு குறையும் இல்லாமல் வளர்ந்து, எந்தக் காலத்திலும் எந்தச் சங்கத்துக்கும் செயலாளராகாமல் நிம்மதியாக இருக்க என் மனமார்ந்த ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் வரிக்காகக் காத்திருக்கும்
மூத்த மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டு அடுக்களைப் பக்கம் போனேன். திரும்பி வருவதற்குள் உங்கள் தங்கை உட்கார்ந்து இவ்வளவையும் படித்து முடித்துவிட்டாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. “தங்கச்சி வீட்டுக்காரர் செயலாளருக்கு நிக்கலீங்க. நான்தான் நிக்கிறேன். அவர்தான் கேட்டாரு, நர்ஸும் கேட்டாங்க, நான் சரின்னுட்டேன்” என்றாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். சொல்ல வந்தாளாம், நான் நாற்காலி அளந்துகொண்டிருந்தேனாம்.

அதோடு விடவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு நாற்காலி என்றால் இந்த வீட்டு நாற்காலி என்னுடையது, அப்பா வீட்டை என் பெயருக்குத்தான் எழுதினார், மறந்துவிட்டீர்களா என்று கேட்டாள். மறக்கவில்லை, மச்சான். அந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. இத்தனை காலமாக அவள் ஓட்டை நான் போட்டுவந்திருக்கிறேன். மேல்வீடு சின்னவள் பெயரில். அதனால்தான் பல் டாக்டர் அவளை உட்காரவைத்துவிட்டுப் பின்னால் நின்றிருக்கிறார். படத்துக்காக நிற்கவில்லை. தெரிந்தும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்த நல்ல மனிதர். நீயாவது சொல்லியிருக்கலாமே என்று உங்கள் தங்கையைக் கேட்டேன். “நீங்க ஆசையா தூக்கிட்டுப் போவீங்க. அதான் விட்டுட்டேன்” என்றாள்.

தூணடியில் இருக்கும் கால் தடமும் உங்களுடையது இல்லையாம், அவளுடையதாம். முதல் கூட்டத்தன்று தரையில் ஈர சிமெண்ட். இவள் ஒரு காலை வைத்துவிட, இன்னொரு காலையும் வைத்துவிடுவாள் என்று மாமா வீட்டுக்கு ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து இவளை அதில் உட்காரவைத்தாராம். அதைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொரு நாற்காலி கொண்டுவந்து பிள்ளைகளை ஏற்றினார்களாம். பெரியவர்கள் எல்லோரும் ஓரமாக நின்றுகொண்டே பேசி முடித்தார்களாம். அப்போது அவள் பொடிசு, ஞாபகம் சரியாக இருக்குமா என்று கேட்க நினைத்தேன். அவள் காலைப் பார்த்தேன். கேட்கவில்லை.

ஆகையால் நான் கேட்ட வரியைத் தயவுசெய்து எழுத வேண்டாம். அது உறுதியானால் ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓட்டே கிடையாது. என் மனைவி செயலாளருக்கு நிற்கும்போது நான் தூண் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? அதற்குப் பதிலாக, ‘இங்கே குடியிருக்கும் எல்லோருக்கும் ஓட்டு என்றுதான் எங்கள் தகப்பனார் நினைத்தார்’ என்று எழுதி உடனே அனுப்புங்கள். நாற்காலி உள்ளவர், இல்லாதவர், சக்கரம் உள்ளவர் எல்லோருக்கும். ஆனால் எல்லோருக்கும் என்றால் பல் டாக்டருக்கும் வந்துவிடும், அவரும் என் மனைவிக்குத்தான் போடுவார், நிச்சயமாக எனக்கு ஒரு நொடி முன்னால் போடுவார். மாமா இந்த ஒரு ஆளை மட்டும் தவிர்த்து நினைத்திருக்க ஏதாவது வழி உண்டா என்று சற்று யோசித்துப் பாருங்கள்.